முறை முடிந்த மறுநாள்

நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், என் பணிக்காலத்தில் நான் கண்டறிந்த அரிய நோய்களைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை, நோய்களுக்கும் குறைவில்லை. ஆனால் சரியாகக் கண்டறிந்த நோய், கண்டறிந்தவருக்கு மகிழ்ச்சி தருமே தவிர மற்றவர்க்கு அதிகம் கற்பிப்பதில்லை என்பது என் கருத்து. ஆகவே, இல்லாத ஒரு நோயை நான் மிகுந்த திறமையோடு கண்டறிந்ததைப் பற்றி எழுதுகிறேன்.

நோயாளியின் பெயரை மாற்றியிருக்கிறேன். எழுத அவர் அனுமதி தந்தார். அவருடைய மனைவி அனுமதியோடு இரண்டு திருத்தங்களும் தந்தார். ஏற்றுக்கொண்டேன்.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் துறைத் தலைவனாக இருந்தேன். சம்பத் என்று இங்கே நான் அழைக்கும் அவர், ஊருக்குள் இருக்கும் ஒரு பெருமாள் கோயிலின் மடைப்பள்ளியில் பரம்பரையாகத் தளிகை செய்யும் குடும்பத்தவர். வயது ஐம்பத்திரண்டு. அந்தச் சேவை மூன்று பங்காளிகளுக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் பதினைந்து நாள் முறை. அதன்பின் ஒரு மாதம் ஓய்வு. முறை நாட்களில் அவர் வீட்டுக்கு வருவதில்லை. மடைப்பள்ளியை ஒட்டிய அறையில் தீட்டு எதுவும் படாமல் மடியாகப் படுத்து, விடியுமுன் குளித்து, அடுப்பு மூட்டுவார். ஓய்வு மாதத்தில் கல்யாணத் தளிகைக்குச் சித்தூர், வேலூர் என்று போய்விடுவார்.

அவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் இருந்தது. தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்ளும், மூச்சு நிற்கும், உடல் திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கும், மீண்டும் மூடிக்கொள்ளும். எங்கள் நெஞ்சக மருத்துவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சிபாப் இயந்திரம் கொடுத்திருந்தார். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கைப் பொருத்திக்கொண்டால், அது காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் என் பொறுப்பு.

இவரைப் பார்ப்பதற்கு நான் ஒரு தனி ஏற்பாடு செய்திருந்தேன். முறை நாட்களில் அவரால் வர இயலாது. ஓய்வு நாட்களில் அவர் எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. எனவே, முறை முடிந்து மடைப்பள்ளிச் சாவியை ஒப்படைக்கும் மறுநாள் காலையில், வெறும் வயிற்றோடு, வரிசையில் நிற்காமல் நேரே என் அறைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தேன். புத்தூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு இந்த ஊரின் பழக்கவழக்கங்கள் தெரியும் என்பதில் ஓரளவு பெருமை உண்டு. வெளியூர் மருத்துவர் எவருக்கும் இந்த ஏற்பாடு தோன்றியிருக்காது. அதன்பின் நேர்ந்ததும் வெளியூர் மருத்துவர் எவருக்கும் நேர்ந்திருக்காது.

ஒரு முறை முடிந்து வந்தவருக்கு இரத்த அழுத்தம் நூற்றெண்பத்தாறுக்கு நூற்றுப்பத்து. சர்க்கரையும் ஏறியிருந்தது.

"என்ன செய்கிறது?" என்றேன்.

"மண்டை இடிக்கறது ஸ்வாமி. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது. வேர்த்துக் கொட்டறது."

"அடுப்படியில் வேலை செய்தால் வேர்க்கத்தான் செய்யும்."

"அடுப்படி வேர்வை நேக்குத் தெரியாதா? முப்பது வருஷமா வேர்க்கறேன். இது வேற வேர்வை."

தலைவலி, படபடப்பு, வியர்வை. இவை மூன்றும் சேர்ந்து வந்தால், அட்ரினல் சுரப்பியில் ஃபியோக்ரோமோசைட்டோமா என்னும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி அது. அங்கே இந்தக் கட்டி வந்தால், அச்சம் வந்த வேளையில் மட்டும் சுரக்க வேண்டிய ஹார்மோன்களை ஓயாமல் கொட்டும். அழுத்தம் எகிறும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மூளையிலோ இதயத்திலோ முடியும். மிக அரிய நோய். மூன்று அறிகுறிகளையும் ஒரே மூச்சில் எனக்குச் சொன்ன முதல் மனிதர் சம்பத். தேர்வில் மாணவர்கள்கூட இரண்டோடு நிறுத்திவிடுவார்கள்.

"சிபாப் மிஷின் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"போட்டுக்கறேன் ஸ்வாமி. கல்யாண வீட்டுக்குக்கூட எடுத்துண்டு போறேன். அது இல்லேன்னா பக்கத்துல படுத்திருக்கறவாளுக்குத் தூக்கம் போயிடறது."

நோயேட்டில் 'இயந்திரம் பயன்படுத்துகிறார்' என்று எழுதினேன்.

எனக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவர், ஹார்மோன் முடிவு எழுதிய தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். இரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, நோயாளி படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, என்ன மாத்திரை விழுங்கினார் என்று நாங்கள் சொன்ன பிறகே அதைத் திருப்புவார். அந்த ஒழுங்கை நான் கடைசிவரை காப்பாற்றினேன். சம்பத்தையும் அரைமணி நேரம் படுக்க வைத்து, அமைதியான அறையில், காலை எட்டு மணிக்கு, ஐயத்துக்குரிய மாத்திரைகள் எதுவும் உட்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இரத்தம் எடுத்தேன். நார்அட்ரினலின் சிதைந்து உருவாகும் பொருள் இயல்பான உச்ச வரம்பைப் போல் இருமடங்கு இருந்தது.

ஒரு முடிவை வைத்துக்கொண்டு எவரையும் அறுவைக்கு அனுப்பக்கூடாது. ஆகவே மறுபடியும் எடுத்தேன். எப்போது என்றால், அடுத்த முறை முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு. அரைமணி நேரம் படுக்க வைத்து, அதே அறையில். முடிவு அப்படியே இருந்தது. மாறாத முடிவைக் கண்டால் மருத்துவருக்கு வரும் நிம்மதியை நீங்களும் அனுபவிப்பீர்கள்.

ஸ்கேன் எடுத்ததில் இடது அட்ரினல் சுரப்பியில் சிறு நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ஸ்கேன் மருத்துவர், இது தீங்கற்ற சாதாரணக் கட்டியாக இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம், மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். மருத்துவக் குறிப்புகளை எழுதியவன் நான். ஒப்பிட்டேன். பொருந்தியது.

சென்னையில் இத்தகைய அறுவையில் பெயர் பெற்ற நிபுணரிடம் பேசி நாள் குறித்தேன். சித்தூரில் மருத்துவர் கூட்டம் ஒன்றில் உரையாற்ற அழைத்திருந்தார்கள். தலைப்பை மாற்றி, சம்பத்தின் நோயையே பேசுபொருளாக்கி, இருபத்திரண்டு ஸ்லைடுகள் தயாரித்தேன். அவற்றின் பிரதியை நிபுணருக்கும் அனுப்பினேன். அவர் கேட்கவில்லை.

பிறகு சம்பத்தையும் அவர் மனைவி கோமளத்தையும் அழைத்து விளக்கினேன். இடது சுரப்பியை அகற்ற வேண்டும். வலது சுரப்பி உடலுக்குப் போதும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்றேன். சம்பத் உயிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எடுத்துட்டா அங்கஹீனம் ஆயிடுமோ ஸ்வாமி?"

அந்தக் கோயிலில், உடலில் குறை உள்ளவர் பெருமாளுக்குத் தளிகை செய்யும் வழக்கமில்லை. விரல் துண்டான ஒருவர் முறையை இழந்ததை அவர் இளவயதில் பார்த்திருக்கிறார்.

"வெளியில் ஒன்றும் தெரியாது. சிறிய தழும்புதான்" என்றேன்.

"வெளில தெரியறதைப் பத்தி நான் கேக்கலியே. பெருமாளுக்குத் தெரியுமோன்னோ."

"பெருமாளுக்குத் தெரியறது இருக்கட்டும், உங்க பங்காளிக்குத் தெரிஞ்சாப் போறும்" என்றார் கோமளம். "அவர் எப்போன்னு காத்துண்டிருக்கார்."

சம்பத் சற்று நேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிட்டு அடுப்பு மூட்ட மாட்டேன் என்றார். அடுத்த முறையை மூத்த பங்காளிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். அறுவைக்குப் பிறகு அது அவருக்குத் திரும்ப வருமா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஏழு தலைமுறைச் சேவை அது என்று கோமளம் என்னிடம் தனியாகச் சொன்னார். உயிர்தான் முக்கியம் என்று நான் அவரிடம் சொன்னேன். அப்போது எனக்கு அதில் எள்ளளவும் ஐயமில்லை.

அறுவைக்கு முன் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர மாத்திரை தொடங்கினேன். பத்தே நாளில் கோமளம் தொலைபேசியில் அழைத்தார்.

"படுக்கைலேருந்து எழுந்தா பூமி ஒரு சுத்துச் சுத்தறதாம். ஆத்துல மெஷின் வெச்சுப் பாத்தோம். தொண்ணூத்தாறுக்கு அறுபது."

"மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்றேன்.

இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அவ்வளவு சிறிய அளவு மாத்திரைக்கு அழுத்தம் அவ்வளவு தூரம் இறங்கக்கூடாது. வேறு ஏதோ ஒன்று ஏற்கெனவே அதை இறக்கிக்கொண்டிருந்தது. நானோ, என் மருந்தளவைப் பற்றி எனக்கிருந்த உயர்ந்த எண்ணத்தில் மகிழ்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அறுவை. திங்கட்கிழமை காலையில், சென்னை மயக்க மருந்து மருத்துவர் நோயாளியின் சிபாப் பயன்பாட்டு அறிக்கையைக் கேட்டிருந்தார். வழக்கமான கேள்விதான். எங்கள் இயந்திரங்களைப் பராமரித்துவந்த ரேவதியிடம் எடுத்துத் தரச் சொன்னேன். சத்தியவேட்டுப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். இயந்திரத்துக்குள் இருக்கும் கார்டைப் படித்து, எந்த இரவு எத்தனை மணி நேரம் ஓடியது என்று அச்சிட்டுத் தருவார். பதினொரு மணிக்குத் தாளோடு வந்தவர், தாளை வைத்துவிட்டுப் போகவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்கள்."

"சாமி முப்பது நாளு ஒரு நாளுகூட வுடாம போடுறாரு. ஏழு மணி நேரம், ஏழரை மணி நேரம். அப்பறம் பதினஞ்சி நாளு மிஷினு தூங்கிக்கினு இருக்குது. மறுபடியும் முப்பது நாளு ஓடுது. மறுபடியும் பதினஞ்சி நாளு தூங்குது."

"பழுதாக இருக்கலாம்."

"நானும் ரிப்பேருன்னுதான் நெனச்சேன். ரிப்பேரு இப்டி காலண்டரு பாத்துக்கினு வராது சார்."

"சென்ற அறிக்கையில் சராசரி சரியாகத்தானே இருந்தது?"

"சராசரி பாஸுதான் சார். எங்க ஊரு ஏரியில ஒரு பக்கம் முட்டி ஆழம், ஒரு பக்கம் ரெண்டு ஆளு ஆழம். சராசரி பாத்துட்டு எறங்குனா பொணமாத்தான் தூக்கணும். போன தபாவே நாளு நாளா எழுதி வெச்சேன், கடைசி பக்கத்துல."

நோயேட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கம் இருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டிருந்தார். முதல் பக்கத்தில், சராசரிக்கு நேரே, என் சுருக்கொப்பம் இருந்தது.

இயந்திரம் ஓடாத நாட்களையும் நான் இரத்தம் எடுத்த நாட்களையும் அருகருகே எழுதினேன். எழுதாமலேயே தெரிந்தது. முறை நாட்களில் சம்பத் இயந்திரம் போடுவதில்லை. பதினைந்து இரவுகள் அவருடைய மூச்சு நூற்றுக்கணக்கான முறை நின்று நின்று வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடல், யாரோ கழுத்தை நெரிப்பதாக எண்ணி, நார்அட்ரினலினைக் கொட்டியிருக்கிறது. கார்ட்டிசால், சர்க்கரை, அழுத்தம் எல்லாம் உடன் ஏறியிருக்கின்றன. இயந்திரத்தை நிறுத்திய சில இரவுகளிலேயே இது தொடங்கிவிடும். பதினைந்தாம் இரவு கழிந்த காலையில், இரத்தத்தில் அது மிக அதிகமாக இருக்கும் வேளையில், வரிசையில் நிற்காமல் நேரே என் அறைக்கு வர ஏற்பாடு செய்திருந்தவன் நான். இரண்டாம் பரிசோதனை முதலாவதை உறுதிப்படுத்தவில்லை. அதே தவற்றை அதே மணிக்கு மறுபடியும் செய்திருந்தது.

ஆனால் இதை ஓர் ஐயமாக மட்டுமே அப்போது கொள்ள முடியும். கட்டி உண்மையிலேயே அந்த அரிய கட்டியாக இருந்து, நான் அறுவையை நிறுத்தி, அவர் கொதிக்கும் அண்டாவின் முன் விழுந்துவிட்டால்? இயந்திரம் போடாதவருக்குக் கட்டி வரக்கூடாது என்று சட்டம் இல்லை.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக்கூடாது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தே கணக்கிட்டேன். வெள்ளிக்கிழமை சுரப்பி அகற்றப்பட்டிருக்கும். சம்பத் வீட்டில் ஓய்வெடுத்திருப்பார். வீட்டில் அவர் இயந்திரம் போடுவார். ஒரு மாதத்தில் பரிசோதித்தால் ஹார்மோன் அளவு இயல்பாக இருந்திருக்கும், அழுத்தம் இறங்கியிருக்கும். முறை பறிபோயிருக்கும் என்பதால் இயந்திரத்தை நிறுத்த அவருக்கு இனிக் காரணமே இருந்திருக்காது. அகற்றிய கட்டியை ஆராய்ந்தவர்கள் சாதாரணக் கட்டி என்று எழுதியிருப்பார்கள். அதற்கு ஒரு விளக்கம் சொல்ல இயலாதவன் அல்ல நான். அறுவை வெற்றி என்றே பதிவாகியிருக்கும். அந்த வெற்றியைச் சித்தூரில் இருபத்துமூன்றாவது ஸ்லைடாகக் காட்டியிருப்பேன்.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ரேவதி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சம்பத்தையும் கோமளத்தையும் அன்றே வரவழைத்தேன்.

"மிஷின் போட்டுக்கொள்வதாகச் சொன்னீர்களே?"

"போட்டுக்கறேனே ஸ்வாமி."

"முறை நாட்களில்?"

"முறைலயா?" அவர் என்னை வியப்போடு பார்த்தார். "முறைல எப்படிப் போட்டுக்கறது? மடின்னா."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே" என்றார் கோமளம். "போட்டுக்கறேளான்னு கேட்டேள். போட்டுக்கறேன்னார். ராத்திரி ராத்திரியா எண்ணிக் கேட்டாத்தானே சொல்லுவார். தளிகைல உப்புப் போட்டேளான்னு கேட்டா, எத்தனை கல்லுன்னா சொல்லுவா?"

மடியில் ஏன் கூடாது என்று கேட்டேன். சம்பத் பொறுமையாக விளக்கினார். மாஸ்க்கில் வாயும் மூக்கும் படுகின்றன, எச்சில் படுகிறது. எச்சில் பட்டதைக் கழுவினால் சுத்தமாகும். ஆனால் இதைக் கழுவக்கூடாது. கழுவவே கூடாத எச்சில் பொருளை மடைப்பள்ளி அறைக்குள் எப்படிக் கொண்டுபோவது?

"கழுவக்கூடாது என்று யார் சொன்னது?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் முன்னால் வைத்தார். இயந்திரம் வாங்குவோருக்கு எங்கள் மருத்துவமனை தெலுங்கில் அச்சிட்டுத் தரும் குறிப்புத்தாள். நான்காவது வரியில், 'கருவியின் மீது நீர் படக்கூடாது. உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும்' என்றிருந்தது. மூன்று ஆண்டுகளாக அவர் அதன்படியே துடைத்துவந்திருக்கிறார்.

"கீழே கையெழுத்து யாரதுன்னு பாருங்கோ" என்றார் கோமளம்.

நோயாளர் தகவல் குழுவின் தலைவர் என்ற முறையில் அதில் கையெழுத்திட்டிருந்தவன் நான். சுருக்கமாக இருக்க வேண்டும் என்று மூலத்திலிருந்த ஒரு பக்கத்தை ஆறு வரியாக வெட்டியதும் நானே. மாஸ்க்கைக் கழுவும் முறை வெட்டுப்பட்ட பகுதியில் இருந்தது.

ரேவதி சம்பத்தின் இயந்திரத்தை மேசைமேல் வைத்தார். மாஸ்க்கையும் குழாயையும் கழற்றினார். மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியை நிரப்பி, இரண்டையும் அதில் முக்கினார். சம்பத் எழுந்து நின்றுவிட்டார்.

"சாமி, பொட்டி வேற, மூடி வேற. மூடிய முக்கலாம், கொழாய முக்கலாம். தெனம் முக்கலாம். பொட்டிதான் நனையக்கூடாது. பொட்டியில உங்க எச்சி எங்க படுது? அது காத்த வெளிய ஊதிக்கினே இருக்குது, அவ்ளோதான்."

"இருந்தாலும் பொட்டி நனைக்கப்படாத வஸ்துதானே."

"மடைப்பள்ளி அறைல தலைக்கு மேல ஃபேன் ஓடறதே" என்றார் கோமளம், "அதை எந்தப் புஷ்கரிணில முக்கி எடுத்தேள்?"

சம்பத் தொட்டியின் அருகே சென்று, சொட்டும் மாஸ்க்கைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கோயிலில் கேட்க வேண்டியவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறினார். இரண்டு நாளில் சொன்னார். முறைக்கென்று தனியாக ஒரு புது மாஸ்க்கும் குழாயும். தினமும் விடியற்காலையில் தாம் குளிக்கும்போது அவற்றையும் முக்கி எடுத்துக் காயவைப்பது. பெட்டி, விளக்கும் விசிறியும் போல அறையின் ஓரத்தில் இருப்பது. ஒருவரும் மறுக்கவில்லை. பக்கத்தில் படுக்கும் பரிசாரகர் ஒருவர் மட்டும், அவர் குறட்டை விடாமல் இருக்க எதை வேண்டுமானாலும் கொண்டுவரட்டும் என்றாராம்.

அதற்கு முன், அந்தத் திங்கட்கிழமையே, சென்னை நிபுணரை அழைத்தேன்.

"தியேட்டர் புக் பண்ணியாச்சு சார். என்ன, பேஷண்ட் பின்வாங்குறாரா?"

"இல்லை. நான் பின்வாங்குகிறேன்."

காரணத்தைச் சொன்னேன். அவருடைய பட்டியலில் ஒரு வெள்ளிக்கிழமை வீணாவது சிறிய விஷயமல்ல.

"இப்ப நிறுத்தி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"என் பெயரில் ஆகட்டும்."

"அந்த ஸ்லைடெல்லாம் அனுப்பியிருந்தீங்களே?"

"அழித்துவிடலாம்" என்றேன்.

மறுநாள் அறுவை ரத்துக்கான படிவத்தில் காரணம் எழுத வேண்டியிருந்தது. 'நோயாளியின் குடும்பச் சூழல்' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை என்று சிறிது நேரம் எனக்கே வாதாடினேன். பிறகு அடித்துவிட்டு, 'சிபாப் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பரிசோதனை செய்யப்பட்டது. என் தவறு' என்று எழுதினேன். அடித்தது நன்றாகத் தெரியும்படி அந்தப் படிவம் இன்றும் ஏட்டில் இருக்கிறது.

மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினேன். தினமும் காலையும் மாலையும் அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லுமாறு கோமளத்திடம் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு இரவும் இயந்திரம் ஓடுகிறதா என்பதை ரேவதி கார்டில் பார்த்தார். அடுத்த முறை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, அதே அறையில், அரைமணி நேரம் படுக்க வைத்து, காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தோம். முந்தைய இரண்டு பரிசோதனைகளிலிருந்து மாறியது ஒன்றே ஒன்றுதான்: அதற்கு முந்தைய இருபத்தேழு இரவுகள்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் வழக்கம்போல் நோயாளிகளைப் பார்த்தேன். எவரும் என்னிடம் மாற்றம் எதையும் கண்டிருக்க மாட்டார்கள். தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் சம்பத் விழுந்துவிட்டார் என்ற செய்திதான் என்று எண்ணியே எடுத்தேன்.

அளவு இயல்பான எல்லைக்குள், நடுவில் இருந்தது. கட்டி சாதாரணக் கட்டி. ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொண்டால் போதும். பின்னர், கழுவிய மாஸ்க்கோடு ஒரு முறை முழுவதையும் கழித்துவிட்டு வந்த மறுநாளும் எடுத்துப் பார்த்தேன். அப்போதும் எல்லைக்குள்தான் இருந்தது. அழுத்தம் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. சிறிய மாத்திரை ஒன்று போதுமானதாயிற்று. ஆனால் அந்த முறை அவருக்குக் கிடைத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்தான் எழுதிக் கொடுத்துவிட்டாரே. அறுவை இல்லை என்று தெரிந்ததும் கடிதத்தைத் திரும்பப் பெறப் போனார். மூத்த பங்காளி விடவில்லை. அறுவை நடந்துவிட்டது, இவர் மறைக்கிறார், சென்னைக்குப் போனதை நான்கு பேர் பார்த்தார்கள் என்றாராம். சம்பத் சென்னைக்குப் போனது ஒரு கல்யாணத் தளிகைக்கு. கோயில் அலுவலகம் மருத்துவச் சான்றிதழ் கேட்டது. மறுநாள் விடியலில் முறை தொடங்க வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு சம்பத் என் அறையில் நின்றார்.

செய்ததற்குச் சான்றிதழ் எழுதி எனக்குப் பழக்கமுண்டு. செய்யாததற்கு அதுவரை எவரும் கேட்டதில்லை. 'இவருக்கு எவ்வித அறுவை சிகிச்சையும் செய்யப்படவில்லை என்று சான்றளிக்கிறேன்' என்று தெலுங்கில் எழுதிக் கொடுத்தேன்.

சம்பத் இரண்டு முறை படித்தார்.

"சுரப்பி இருக்குன்னு போடலியே ஸ்வாமி."

"அறுவை செய்யவில்லை என்றால் இருக்கிறது என்றுதானே பொருள்?"

"நேக்குப் புரியறது. உங்களுக்கும் புரியறது. பங்காளிக்கு அது போறாதே."

தாளைத் திரும்ப வாங்கினேன். 'இவருடைய வலது, இடது அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் இவருடைய உடலில் அவற்றுக்குரிய இடத்திலேயே உள்ளன' என்று சேர்த்தேன். என் பட்டங்கள் அனைத்தையும் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்தேன்.

அவர் மை காயும்வரை ஊதி, மடிக்காமல், இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனார். அன்று மாலை மடைப்பள்ளிச் சாவி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.